மணிக்கட்டு முறிந்த கையில் முழங்கையும் வலிக்கிறது: கட்டின் கனமா, வேறு ஏதாவதா?

கேள்வி | மார்ச் 3, மாலை 6.15

அம்மாவுக்கு 63 வயது. வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. இழுத்துச் சரிசெய்து முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இன்றோடு ஒன்பது நாள். மணிக்கட்டு வலி குறைந்துவிட்டது. ஆனால் முழங்கையின் வெளிப்பக்கம் விண்ணென்று தெறிக்கிறது என்கிறார். கட்டின் கனம்தான் என்று தங்கை சொல்கிறாள். முறிந்தது மணிக்கட்டு, முழங்கை ஏன் வலிக்க வேண்டும்?

மார்ச் 3, இரவு 9.40

தங்கை சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் கனத்தின் மேல் பழியைப் போட வேண்டாம். அன்று எடுத்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டும் பாதி முன்கையும்தான் இருக்கிறது என்றால், அம்மாவின் முழங்கையை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நான் டாக்டர் இல்லை. இதே கூத்தில் மாட்டி எட்டு மாதம் கையோடு மல்லுக்கட்டியவன். இரண்டு வருடம் முன்பு பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறி, இடது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி மணிக்கட்டு வளைந்து நின்றது. அதைப் பார்த்த பிறகு வேறெதையும் பார்க்க யாருக்கும் தோன்றாது. முழங்கையில் ரேடியஸ் எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்கம் ஓடும் எலும்பு) தலையும் உடைந்திருந்தது பன்னிரண்டாம் நாள்தான் தெரிந்தது. முதல் நாள் பார்த்த டாக்டரின் அலட்சியம், வேறென்ன சொல்ல.

மார்ச் 3, இரவு 9.55

அவசரமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விரல்கள் வீங்கி மரத்துப்போகிறதா, நிறம் மாறுகிறதா, வலி மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகிறதா, விரலை லேசாக நிமிர்த்தினால் உயிர் போகிறதா என்று இப்போதே பாருங்கள். இதில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், இரவோடு இரவாகக் கிளம்புங்கள். கட்டுக்குள் வீக்கம் நெருக்கினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். அதற்குச் சில மணி நேரம்தான் அவகாசம். இல்லையென்றால் காலையில் போகலாம்.

மோதிரம் இன்னும் விரலில் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

மார்ச் 4, காலை 7.20

முழங்கை ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்டீர்களே. விழும்போது உள்ளங்கை தரையில் ஊன்றுகிறது. அந்த இடி மணிக்கட்டோடு நின்றுவிடாது. மணிக்கட்டில் வரும் பாரத்தில் ஐந்தில் நான்கு பங்கை ரேடியஸ் எலும்புதான் வாங்குகிறது, சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னாவுக்குப் போவது ஒரு பங்கு. வாங்கியதை ரேடியஸ் நேராக மேலே கொண்டுபோய் முழங்கையில் மோதுகிறது. இரண்டு எலும்புக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு சவ்வு இருக்கிறது. அது கொஞ்சம் பாரத்தை அல்னா பக்கம் திருப்பிவிடும். மீதி ரேடியஸின் தலையில் விழுகிறது. பொத்தான் போல வட்டமான சின்னத் தலை. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் குத்தினால் மறுமுனையைப் பிடித்திருக்கும் கை அதிர்கிறதல்லவா, அந்தக் கதைதான்.

அதனால்தான் உடைந்த எலும்புக்கு மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எலும்பு மருத்துவத்தில் ஒரு பால பாடம். முழங்கை வலிக்கிறது என்று வந்தவருக்கு மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பதும் அதே பாடத்தில் சேர்த்தி.

மார்ச் 4, மதியம் 1.05

ரேடியஸ் தலை எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உங்கள் நல்ல கையில் பாருங்கள். முழங்கையை மடக்கி, வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து ஒரு விரல் அகலம் மணிக்கட்டை நோக்கி இறங்கினால் ஒரு குழி. அதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, உள்ளங்கையை வானம் பார்க்க ஒரு முறை, தரை பார்க்க ஒரு முறை திருப்புங்கள். விரலடியில் ஏதோ உருளும். அதுதான்.

அடிபட்ட கையில் இந்த ஆராய்ச்சியைச் செய்ய வேண்டாம். என் முழங்கையில் டாக்டர் அங்கே விரலை வைத்து, கையை மெல்லத் திருப்பியபோது நான் போட்ட சத்தத்துக்கு வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்களாம்.

மார்ச் 5, இரவு 10.10

இந்த விஷயத்தில் எனக்கு மிகத் தாமதமாகப் புரிந்த ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முறிந்த மணிக்கட்டுக்கு அசையாமல் இருக்க வேண்டும். ஐந்தாறு வாரம் அப்படியே கிடந்தால் கூடிவிடும். கட்டைப் பிரித்ததும் விறைப்பாகத்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். முழங்கையின் சுபாவம் வேறு. பெரியவர்களின் முழங்கையை மூன்று வாரத்துக்கு மேல் கட்டிவைத்தால் உள்ளே இருக்கும் உறை சுருங்கி, துருப்பிடித்த கீல் மாதிரி ஆகிவிடும். ரேடியஸ் தலையில் விலகாத விரிசல் என்றால், ஸ்லிங்கில் சில நாள் தொங்கவிட்டுவிட்டு, வலி பொறுக்கும் அளவுக்கு அசைக்க ஆரம்பி என்பதுதான் வைத்தியம். அதற்கு மாவுக்கட்டே தேவையில்லை.

ஒரே கையில் இரண்டும் வந்தால்? கீழே இருப்பது அசையாதே என்கிறது, மேலே இருப்பது அசை என்கிறது. எனக்குப் போட்ட நீளக்கட்டு மணிக்கட்டுக்கு நியாயம் செய்தது. முழங்கை விஷயம் தெரியாததால் பன்னிரண்டு நாள் அதையும் சேர்த்துச் சிறைவைத்தது. அசைத்திருக்க வேண்டிய நாட்கள் அவைதான்.

ஆகவே என் கட்சி இது: இரண்டும் சேர்ந்து வந்தால் எப்போது எதை அசைப்பது என்று நாள் குறிக்க வேண்டியது முழங்கை. மணிக்கட்டுக்கு என்ன செய்வது என்பதை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டில் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டால் கட்டே வேண்டாம், முழங்கை மறுநாளே விடுதலை. எல்லாருக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

மார்ச் 6, காலை 6.50

நேற்று ராத்திரி எழுதிய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். எல்லாருக்கும் பிளேட் என்பது உளறல். மணிக்கட்டு இழுத்து வைத்த இடத்தில் நிலையாக நின்றால், முழங்கைக்குக் கீழே முடியும் சின்னக் கட்டே போதும். முழங்கை தன்பாட்டுக்கு மடங்கி நிமிரும். என் விஷயத்திலும் பன்னிரண்டாம் நாள் செய்தது அதுதான், ஆபரேஷனே இல்லை. முறிவு மூட்டுப் பரப்புக்குள் ஓடியிருந்தால், பல துண்டாக நொறுங்கியிருந்தால், சரிசெய்தும் மறுபடி சரிந்தால், அப்போதுதான் பிளேட்டோ கம்பியோ. முழங்கையிலும் ஆபரேஷன் தேவைப்படுகிறது என்றால் மணிக்கட்டையும் அதே மயக்க மருந்தில் முடித்துவிடலாமா என்று யோசிப்பார்கள். அது அவர்கள் பாடு.

நேர் எதிரான நிலைமையும் உண்டு. மணிக்கட்டில் ரேடியஸும் அல்னாவும் சேரும் சின்ன மூட்டு நழுவியிருந்தால், அது பிடிக்கும்வரை கை திரும்பவே கூடாது. கையைத் திருப்புவதைத் தடுக்க முழங்கைக்கு மேல் வரை கட்ட வேண்டியிருக்கும். அங்கே என் கட்சி தோற்றுவிடும்.

மார்ச் 6, மதியம் 2.30

சாப்பிடும்போது இன்னொன்று உறுத்தியது. முதல் நாள் டாக்டரை அலட்சியம் என்று எழுதினேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது அவர் கேட்டது இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது: "வேற எங்கயாவது வலிக்குதா?" இல்லை என்றேன். பொய்யும் சொல்லவில்லை. மணிக்கட்டு போட்ட கூச்சலில் முழங்கையின் முனகல் எனக்கே கேட்கவில்லை. தொட்டுப் பார்த்திருக்கலாம் என்ற குறை இன்னும் இருக்கிறது, ஆனால் பாதிப் பழி என்னுடையது.

இதை வைத்து ஒரு சின்ன யோசனை. வலி ஊசி வேலை செய்து, கட்டும் போட்டு ஆசுவாசமான பிறகு, மறுநாள் காலையில் இன்னொரு முறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தோள், முழங்கை, கட்டைவிரல் அடிப்பக்கம். மூன்றாவதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே ஸ்கேஃபாய்டு என்று முந்திரிப்பருப்பு அளவில் ஓர் எலும்பு இருக்கிறது. அதன் முறிவு முதல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. ரேடியஸ் தலை உடைந்த கையில் அதுவும் கூட வருவதுண்டு.

மார்ச் 8, இரவு 8.45

"என் மாமாவுக்கு ரேடியஸ் தலை நொறுங்கிவிட்டது, எடுத்தே போட்டுவிட்டார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்" என்று மேலே ஒருவர். இருப்பார். தலை மட்டும் நொறுங்கி மற்றதெல்லாம் சரியாக இருந்தால் எடுத்துவிட்டும் சமாளிக்கலாம். வம்பு எங்கே வரும் என்றால், அதே விழுகையில் நடுச் சவ்வும் கிழிந்து, மணிக்கட்டுப் பக்கத்துச் சின்ன மூட்டும் நழுவியிருந்தால். அப்போது ரேடியஸைப் பிடித்து நிறுத்த மேலே தலையும் இல்லை, நடுவே சவ்வும் இல்லை. எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். மணிக்கட்டில் அல்னா நீட்டிக்கொண்டு குத்தும். முழங்கைக்கு ஆபரேஷன், வலி மணிக்கட்டில், அதுவும் மாதங்கள் கழித்து. அங்கே தலையை எடுத்தால் அந்த இடத்தில் உலோகத் தலை ஒன்றை வைத்து நீளத்தைக் காப்பாற்றுவார்கள்.

இந்தக் கூட்டுக் காயத்தை 1951இல் கண்டுபிடித்தவர் பீட்டர் எஸ்ஸெக்ஸ் லோப்ரெஸ்டி என்ற ஆங்கிலேய சர்ஜன். அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது.

மார்ச் 8, இரவு 9.20

'கண்டுபிடித்தவர்' தப்பு. 1946இலேயே இதை எழுதியவர்கள் உண்டு. பெயர் இவருக்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

பெயர் என்றதும் இன்னொன்று. ஆப்ரகாம் காலிஸ் அயர்லாந்தில் மணிக்கட்டு முறிவை விவரித்து எழுதியது 1814. இத்தாலியில் மொன்டேஜியா, அல்னா முறிந்து முழங்கையில் ரேடியஸ் தலை நழுவும் காயத்தைப் பதிவு செய்ததும் அதே 1814. எக்ஸ்ரே வந்தது 1895இல். எண்பது வருடம் முன்பே விரலால் தடவியே இரண்டு பேரும் இதைச் சொல்லிவிட்டார்கள். நம் கையில் ஃபிலிம் இருந்தும் பாதி முன்கையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மார்ச் 9, காலை 11.00

குழந்தைகளைப் பற்றிக் கேட்டவருக்கு: நான் மேலே எழுதியதை எட்டு வயதுப் பையனுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் முழங்கை அவ்வளவு சுலபத்தில் இறுகாது, கட்டுக்குள் சில வாரம் தாங்கும். அவர்களுக்குப் பயம் வேறு இடத்தில். முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பும், அதே கையில் மணிக்கட்டுப் பக்கமும் முறிந்தால் முழங்கை இரண்டு முறிவுக்கும் நடுவே மிதக்கிற மாதிரி ஆகிவிடும். டாக்டர்கள் சொல்வதும் மிதக்கும் முழங்கை என்றுதான். வீக்கம் மிக வேகமாக ஏறும். சுற்றிலும் முழுக்கட்டு போட்டு இறுக்காமல், பெரும்பாலும் இரண்டு முறிவையும் கம்பி வைத்து நிறுத்திவிட்டு, கையைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள். பையன் அழுகையை நிறுத்தாமல் மருந்து கேட்டுக்கொண்டே இருந்தால் அடம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 11, இரவு 7.30

கேள்வி கேட்டவர் தகவல் போட்டிருக்கிறார். அம்மாவுக்கு முழங்கை எக்ஸ்ரே எடுத்தார்களாம். கோடு எதுவும் தெரியவில்லை. ஆனால் மூட்டுக்கு முன்னால் பாய்மரம் மாதிரி ஒரு நிழல். அதை வைத்து விரிசல் இருப்பதாக எடுத்துக்கொண்டு, நீளக்கட்டைப் பிரித்துச் சின்னக்கட்டாக மாற்றிவிட்டார்கள். "கோடே இல்லாதபோது எப்படி விரிசல்?" என்று தங்கை கேட்கிறாராம். தங்கையை எனக்குப் பிடித்திருக்கிறது.

மூட்டுக்குள் வழக்கமாக ஒதுங்கியிருக்கும் கொழுப்புப் படலத்தை உள்ளே கசிந்த ரத்தம் வெளியே தள்ளும். அந்த நிழல் அதுதான். விரிசல் முடி அளவு என்றால் படத்தில் ஒளிந்துகொள்ளும், ரத்தம் ஒளியாது. அடிபட்ட பெரியவர்களின் முழங்கையில் இந்த நிழல் தெரிந்தால் ரேடியஸ் தலையைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். வேறு ஏதாவது குழப்பம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுக்கலாம்.

இனி டாக்டர் சொன்ன அளவுக்கு முழங்கையை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் அரை மணி பாடுபடுவதைவிட, நாளில் பல முறை இரண்டிரண்டு நிமிடம் செய்வது நல்லது. விரல்களை முழுதாக மடக்கி முழுதாக விரிக்க வேண்டும். தோளைத் தூக்க வேண்டும், மறந்தால் அதுவும் இறுகும். நாற்காலியிலிருந்து எழும்போது அந்தக் கையை ஊன்றவே கூடாது. ஊன்றினால் பாரம் எந்த வழியாக எங்கே போகும் என்று நான்காம் தேதியே எழுதிவிட்டேன்.

மார்ச் 15, இரவு 10.40

கட்டு பிரித்த பிறகு எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள்.

ஆறாம் வாரம் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் செதில் செதிலாக, பார்க்க வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. மணிக்கட்டு விறைப்புக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவக் குழாயைத் திறந்து இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குவித்தேன். வலது கை கிண்ணமாக நின்றது. இடது கை பக்கவாட்டில் சுவர் மாதிரி நின்றது, திரும்பவே மாட்டேன் என்கிறது. தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமாக வழிந்து போனது. மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு ஒற்றைக் கையால் கழுவிக்கொண்டேன். கையைத் திருப்புவது மணிக்கட்டு வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். மேலே ஒரு மூட்டும் கீழே ஒரு மூட்டும் சேர்ந்து செய்கிற வேலை அது. எனக்கு இரண்டும் கெட்டிருந்தது.

முழங்கை நிமிர 40 டிகிரி குறைந்தது. சட்டைக் காலர் பொத்தான் எட்டவில்லை. பொண்ணின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து புரொட்ராக்டரை எடுத்து, வாரம் ஒரு நாள் நானே கோணம் அளந்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பிசியோதெரபிஸ்ட் முதலில் சிரித்தார், அப்புறம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

அவர் சொன்ன ஒரு கணக்கு தெம்பு கொடுத்தது. அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு முழங்கை 30 டிகிரியிலிருந்து 130 வரை போய்வந்தால் போதும். உள்ளங்கை தரை பார்க்க 50, வானம் பார்க்க 50 திரும்பினால் போதும். முழுக்க நிமிர்ந்த கை அழகுக்குத்தான் என்றார். அவர் கை முழுக்க நிமிரும், அவர் சொல்லலாம்.

மார்ச் 16, காலை 8.15

நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கட்டு பிரித்த வாரம் 35, நாற்பது இல்லை. மூன்றாம் மாதம் 20. எட்டாம் மாதம் 10. நடுவில் ஐந்து வாரம் ஒரே எண், 20, 20, 20 என்று. அந்தப் பக்கத்தில் பேனா கிழித்த தடம் இருக்கிறது.

ஏப்ரல் 8, மாலை 5.00

அம்மாவுக்குக் கட்டு பிரித்தாயிற்றாம். முழங்கை ஏறக்குறைய முழுதாக நிமிர்கிறதாம். எனக்குக் கொஞ்சம் பொறாமை.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, வேகமாகச் சரியாகட்டும் என்று யாராவது முழங்கையைப் பிடித்து அழுத்தி நிமிர்த்தவோ முரட்டுத்தனமாக நீவவோ வந்தால் விடாதீர்கள். அடிபட்ட முழங்கையைச் சுற்றித் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடும் ஆபத்து உண்டு. அசைப்பது அவருடைய சொந்த பலத்தில் இருக்கட்டும். இரண்டாவது, கட்டைவிரல். மேஜையில் உள்ளங்கையை வைத்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். மணிக்கட்டு முறிவில் சில வாரம் கழித்து அந்த விரலைத் தூக்கும் தசைநாண் தேய்ந்து அறுந்துபோவதுண்டு, அதிகம் விலகாத முறிவில்கூட. வலி இருக்காது. ஒரு நாள் விரல் எழாது, அவ்வளவுதான். அப்படி ஆனால் உடனே காட்டுங்கள்.

கை பளபளவென்று சிவந்து, வியர்த்து, காற்று பட்டாலே எரிகிறது என்றால் அதையும் தள்ளிப்போட வேண்டாம்.

ஏப்ரல் 9, காலை 7.00

63 வயதில் நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு போயிருக்கிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்தாரா என்று கேட்க மறந்தேன். எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை இடுப்பாக இருக்கக் கூடாது.

ஜூன் 20, இரவு 9.10

அம்மா இரண்டு கையாலும் முகம் கழுவுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் நானும் எழுந்து போய்க் குழாயடியில் நின்று பார்த்தேன். என் இடது கை ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வழிகிறது. புரொட்ராக்டரை வைத்தால் 8 காட்டுகிறது. ஒன்றரை வருடத்தில் இரண்டு டிகிரி, அல்லது நான் அளப்பதில் பிழை.

அதைப் பாக்ஸில் திரும்ப வைக்கப் போனேன். பொண்ணு வேறு புதிது வாங்கி ரொம்ப நாளாயிற்றாம்.